தானாகப் பிடித்த பிரேக்

பட்டாபிராமன் சார் கார் சாவியை மேசையில் போட்ட விதத்திலேயே ஷபீனாவுக்குப் புரிந்துவிட்டது, இன்று யார் தலையோ உருளப் போகிறது என்று. யார் தலை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கீழ்க்கட்டளையில் அவளும் தம்பி முதாசிரும் நடத்தும் கார் ஒர்க்ஷாப்பின் வாசலை அடைத்துக்கொண்டு சாரின் பெரிய எஸ்யூவி நின்றது. பன்னிரண்டு வருஷமாக அவருக்கு வண்டி ஓட்டும் அப்பாதுரை அதன் பக்கத்தில், தொட்டால் சுட்டுவிடும் என்பதுபோல் ஓரடி தள்ளியே நின்றிருந்தார்.

"எனக்கு ஒரே ஒரு பதில் போதும்மா," என்றார் சார். "வண்டில ஃபால்ட் இருக்கா, இல்லையா? இல்லைன்னா இவர் தூங்கிட்டார்னு அர்த்தம். திங்கட்கிழமைலேர்ந்து வேற டிரைவர் பார்த்துக்கறேன்."

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய நேர் ரோடு. மழை இல்லை, குறுக்கே மாடு இல்லை. வண்டி திடீரென்று வலது பக்கம் பாய்ந்து, நடுத்தடுப்பில் உரசி நின்றது. பின்சீட்டில் இருந்த சாரின் மனைவி தீபலட்சுமிக்கு நெற்றியில் நான்கு தையல். அப்பாதுரைக்குச் சர்க்கரை வியாதி என்பது தெருவுக்கே தெரியும். சார் இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டார். ஆடிட்டர் அல்லவா, கூட்டாமல் இருக்க மாட்டார்.

"பிரேக்கு மேல நான் காலே வெக்கல மேடம். அதுவா புட்ச்சிகிச்சு," என்றார் அப்பாதுரை. "வண்டி ரைட்டு சைடு இஸ்துகினு போவுது. பதறிப்போயி மிதிச்சா, பெடலு திருப்பி என் கால உதைக்குது. டேஷ்போர்டுல கார் வழுக்குற மாதிரி ஒரு படம் பளிச் பளிச்சுனு எரிஞ்சுது."

"வண்டி உதைச்சுதாம்! குதிரை வண்டியா ஓட்றார்?" என்று சொல்லிவிட்டு சார் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

ஷபீனாவுக்கு அந்தப் படம் தெரியும். பெரிய வண்டி திருப்பத்தில் வழுக்கினால், டிரைவர் மிதிக்காமலே ஏதாவது ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து வண்டியை நேராக்க உள்ளே ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் என்று அதற்குப் பெயர். அது வேலை செய்யும்போதுதான் அந்த விளக்கு மின்னும். சரி, நேர் ரோட்டில், காய்ந்த தாரில் அதற்கு என்ன வேலை?

இப்படி ஒரு கேள்வி மண்டைக்குள் புகுந்துவிட்டால் ஷபீனா வேறு ஆள். எலெக்ட்ரானிக்ஸ் படித்து, ஏசி ரூம் வேலை பார்த்து, அங்கே கேள்வி கேட்க ஆளில்லை என்று தம்பியின் கிரீஸ் கடைக்கு வந்து லேப்டாப்பை விரித்தவள். சோறு ஆறும், போன் அடித்து ஓயும், துப்பட்டா நுனி ஆயிலில் தோயும். பதில் கிடைக்காமல் நிமிர மாட்டாள்.

முதலில் லேப்டாப்பை வண்டியில் மாட்டினாள். வண்டியின் பதிவு துடைத்து வைத்த பலகைபோல் சுத்தமாக இருந்தது. ஒரு கோளாறும் அதில் இல்லை. அது எப்படி? உரசலுக்குப் பிறகு பம்பருக்குப் பெயின்ட் அடித்த கடைக்குப் போன் போட்டாள்.

"ஆமா மேடம், டேஷ்போர்டுல நாலஞ்சு லைட்டு எரிஞ்சுகினு இருந்துச்சு. எல்லாத்தையும் அழிச்சு விட்டேன். அதுக்குத் துட்டு வாங்கல," என்றான் அங்கிருந்தவன். குரலில் பெருமை வேறு. ஷபீனா பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தாள்.

வண்டி வலது பக்கம் இழுத்ததால் முதாசிர் வலது சக்கரங்கள் இரண்டையும் கழற்றிப் போட்டான். பிரேக் கட்டை, ஆயில் குழாய், சென்சார், ஒயர் எல்லாம் பழுதில்லாமல் இருந்தன. சாயங்காலம் அவன் கையைத் துடைத்துக்கொண்டே, "மனுஷன் கண்ணசந்திருப்பாருக்கா. நாம இன்னா பண்ண முடியும்?" என்றான்.

ஷபீனா அவன் கீழே போட்டிருந்த ஸ்பேனர்களைப் பொறுக்கிச் சுவரில் ஒட்டினாள். பக்கத்து மைக்செட் கடை அயூப் பாய், செத்துப்போன ஒரு பெரிய ஸ்பீக்கரை உடைத்தபோது அதன் காந்தத்தைக் கேட்டு வாங்கி வந்து அந்தச் சுவரில் மாட்டியிருந்தாள். அது வந்து இரண்டு மாசமாக அந்தக் கடையில் ஒரு நட்டும் தொலையவில்லை. சாமான் எதுவும் மண்ணில் கிடக்கக்கூடாது என்பது அவள் சட்டம்.

அப்பாதுரை டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். "மேடம், ஒண்ணு கேக்கறேன். தூங்குறவனுக்குத் தான் தூங்கினது தெரியுமா?"

"ஏண்ணா அப்படிக் கேக்கறீங்க?"

"மூணு நாளா அதான் ரோசனை. எல்லாரும் தூங்கிட்டேன்றாங்கோ. வூட்ல என் சம்சாரம் கன்னியம்மாகூட, மாத்திரை மயக்கமா இருக்குமோன்றா. இப்ப எனக்கே டவுட்டா கீது. தூங்கிட்டு, கனவுல வண்டி உதைச்சுதோ இன்னாவோ."

ஷபீனா இன்னொரு டயரை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். வேலை போனால் இன்னொரு வேலை. தன் கண்ணையும் காலையும் தானே நம்பாதவன் எந்த வண்டியை எடுப்பான்?

"அதுக்கு முன்னாடி ஏதாச்சும் வித்தியாசமா இருந்துச்சா? சின்னதா இருந்தாலும் சொல்லுங்க."

அப்பாதுரை தயங்கினார். "சிக்னல்ல வண்டி நிக்கப் போற கடைசி செகண்டு, பெடலு நடுங்கும். தையல் மிஷின் மேல கால வெச்சாப்புல. ஒரு மாசமா கீது. சார்கிட்ட சொன்னேன், புது மாடல்லாம் அப்படித்தான்ட்டாரு. அப்பால, என் காலுதான் நடுங்குதோன்னு விட்டுட்டேன். சக்கரைக்காரன் காலாச்சே."

"ஒரு மாசமாவா?" ஷபீனா எழுந்தே விட்டாள். ஒரு மாசமாக ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு மனுஷன் தூங்க முடியாது. "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வாங்கண்ணா. நீங்கதான் ஓட்டப் போறீங்க."

சனிக்கிழமை காலை இருநூறடி ரோட்டில் தண்ணி லாரிகள்கூட இன்னும் இறங்கவில்லை. அப்பாதுரை ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். பக்கத்து சீட்டில் ஷபீனா, மடியில் லேப்டாப். நாலு சக்கரத்துக்கும் நாலு கோடு, நாலு நிறம். ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் அதனதன் சென்சார் எண்ணிச் சொல்ல, நாலு கோடும் ஒட்டிக்கொண்டு ஏறின. நாற்பது. ஐம்பது. நீலக் கோட்டில் மட்டும் ஒரு சின்னக் கீறல். அவள் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். மறுபடி கீறல். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு கீறல், தவறாமல்.

"அறுபது போங்கண்ணா."

"பயமாக்கீது மேடம்."

"எனக்கும்தான். போங்க."

அறுபத்திரண்டில் நீலக் கோடு தொபுக்கென்று கீழே விழுந்தது. விளக்கு மின்னியது. வண்டி கடகடவென்று அதிர்ந்து வலது பக்கம் பாய்ந்தது. இந்த முறை அப்பாதுரை தயாராக இருந்தார். இழுத்துப் பிடித்து ஓரங்கட்டிவிட்டார். ஷபீனா சின்னப் பிள்ளைபோல் கை தட்டினாள்.

"பாருங்கண்ணா! இந்த நீலம் முன்னாடி லெஃப்ட் சக்கரம். எல்லாரும் ரைட்டையே நோண்டிட்டு இருந்தோம். லெஃப்ட் சக்கரம் ஓடிக்கிட்டேதான் இருக்கு. ஆனா அது திடீர்னு நின்னுபோச்சுன்னு கம்ப்யூட்டருக்குத் தகவல் போவுது. ஐயோ, வண்டி லெஃப்ட்ல சுத்தப் போவுதுன்னு நினைச்சு, அது ரைட் சக்கரத்தைப் பிடிச்சு இழுக்குது. சிக்னல்ல பெடல் நடுங்கினதும் இதே தப்புத் தகவலாலதான்."

அப்பாதுரை கோட்டையே பார்த்தார். அவருக்குப் பாதி புரிந்திருக்கும். அவர் கேட்டது வேறு.

"அப்ப நான் தூங்கலையே மேடம்?"

"நீங்க முழிச்சுக்கிட்டுதான் இருந்தீங்கண்ணா. வண்டிதான் கனவு கண்டுச்சு."

அவர் இறங்கிப் போய், பாட்டில் தண்ணீரில் வெகுநேரம் முகம் கழுவினார்.

கடைக்கு வந்து இடது சக்கரத்து சென்சாரை மாற்றிப் பார்த்தார்கள். கீறல் அப்படியே இருந்தது. அப்படியென்றால் கோளாறு எண்ணுகிறதில் இல்லை, எண்ணப்படுகிறதில். சக்கரம் சுழல்வதற்கான பேரிங்கின் ஒரு பக்கத்தில் கறுப்பாக ஒரு வளையம் இருக்கும். பார்த்தால் வெறும் ரப்பர். உண்மையில் அதைச் சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் காந்தங்கள். அவை ஒவ்வொன்றும் கடந்து போவதைத்தான் சென்சார் எண்ணுகிறது. முதாசிர் பேரிங்கைக் கழற்றிக் கொடுத்தான். புத்தம் புதுசு. போன மாசம் இதே கடையில் இதே கையால் போட்டதுதான்.

ஷபீனா வளையத்தின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, கிரைண்டிங் மிஷினுக்கு அடியில் கிடந்த இரும்புத் தூளைக் கிள்ளித் தூவினாள். தூள் தானாக நகர்ந்து, சீப்புப் பல்லைப்போல் வரிசையாக நின்றது. வளையம் முழுக்கப் பல். ஓரிடத்தில் மட்டும் விரற்கடை அகலத்துக்குப் பொக்கை.

"ஆஹா! பார்ட்டே கோளாறு," என்றான் முதாசிர், நிம்மதியாக. "கம்பெனிக்காரன் தப்பு. அப்பாதுரை அண்ணன் தப்பிச்சாரு, நாமளும் தப்பிச்சோம்."

ஷபீனாவுக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பாழாய்ப்போன கேள்வி விட்டால்தானே? மற்ற இடமெல்லாம் சரியாக இருக்க, அங்கே மட்டும் ஏன் அழிந்தது? யோசித்துக்கொண்டே கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைச் சுவரில் வைத்தாள். டப் என்று அது ஒட்டிக்கொண்டது.

அவள் அந்தக் காந்தத்தையும் வளையத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

போன மாசம் இந்தப் பேரிங் முதாசிரின் அழுக்கு மேசையில் திறந்து கிடந்தது. மண் பட்டால் பேரிங் சீக்கிரம் போய்விடும் என்று, அவள்தான் அதை எடுத்துக் காந்தத்தில் ஒட்டினாள். அரை நாள் அங்கே தொங்கியது.

பழைய இரும்புப் பெட்டியில், இதே வண்டியிலிருந்து கழற்றிய பழைய பேரிங் கிடந்தது. துடைத்துத் தாள் வைத்துத் தூவினாள். தேய்ந்த பேரிங்தான், ஆனால் பல்வரிசை பழுதில்லை. சுவர்க் காந்தத்தில் ஒட்டிவிட்டு ஒரு டீ குடிக்கும் நேரம் காத்திருந்தாள். டீ குடிக்கவில்லை. பிடுங்கி எடுத்து மறுபடி தூவினாள். காந்தத்தில் பட்டிருந்த இடத்தில் பொக்கை.

முதாசிர் பழைய பேரிங்கை வாங்கி இரும்புப் பெட்டிக்குள் போட்டான். பிறகு மெதுவாக, "அக்கா, பார்ட் கோளாறுன்னே சொல்லிடலாம். பொய்யில்ல, கோளாறு பார்ட்லதானே? அவர் வேலையும் நிக்கும், நம்ம பேரும் நிக்கும்," என்றான்.

அவன் சொன்னதில் அவளுக்கு ஆசை எழத்தான் செய்தது. யாருக்கும் நஷ்டமில்லை, யார் தலையும் உருளாது. எந்த வண்டிக்கு என்ன வேலை செய்தோம் என்று எழுதி வைக்கும் ஜாப் கார்டுகளை ஷபீனா எடுத்துப் புரட்டினாள். காந்தம் மாட்டிய நாளிலிருந்து அவர்கள் பேரிங் மாற்றிய வண்டிகள் இன்னும் நாலு. எல்லாவற்றிலும் இந்த மாதிரி வளையம் வைத்த பேரிங்தான். எல்லாவற்றையும் அவள்தான் பொறுப்பாக, சுத்தமாக, சுவரில் ஒட்டியிருந்தாள்.

"கம்பெனி தப்புன்னு சொல்லிட்டா, இந்த நாலு பேருக்கும் யாரு முதாசிர் போன் பண்ணுவாங்க?"

அவன் காந்தத்தைச் சுவரிலிருந்து கழற்ற ஆரம்பித்தான்.

மத்தியானம் பட்டாபிராமன் சார் வந்தார். ஷபீனா நாலு கோட்டையும் காட்டினாள், தூள் தூவியும் காட்டினாள். சுவரில் காந்தம் இருந்த இடத்தையும் காட்டினாள்.

"அண்ணன் தூங்கல சார். தப்பு எங்க கடையோடது. அந்த பேரிங்கை அங்க ஒட்டினது நான்."

சார் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் ஒய்ஃபுக்கு நெத்தில நாலு தையல்."

"ஆமா சார்."

"உன்னை நம்பித்தானேம்மா வண்டிய விட்டேன். இனிமே இந்த வாசல மிதிக்க மாட்டேன்."

"சரி சார். ஆனா புது பேரிங் போட்டு, நானே ஓட்டிப் பார்த்துட்டுதான் வண்டிய அனுப்புவேன்."

அவர் திரும்பினார். ஷபீனாவிடம் கோபப்பட்டது சுலபமாக இருந்தது. அப்பாதுரையின் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"திங்கட்கிழமை எப்பவும்போல எட்டு மணிக்கு வந்துடுங்க."

"பெடலு நடுங்குதுன்னு போன மாசமே சொன்னேன் சார்," என்றார் அப்பாதுரை.

"சொன்னீங்க," என்றார் சார்.

சார் போனதும் ஷபீனா ஜாப் கார்டுகளை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்த வாரமே இந்தக் கடையின் பெயர் கீழ்க்கட்டளையிலிருந்து தாம்பரம்வரை நாறப்போகிறது என்பது அவளுக்குத் தெரியும். முதல் கார்டில் ரோஸி டீச்சரின் நம்பர். மேடவாக்கத்தில் தனியாக இருப்பவர், ரிட்டயரான காசில் ஆசை ஆசையாக வாங்கிய கார்.

"டீச்சர், ஒர்க்ஷாப் ஷபீனா பேசறேன். வண்டி நிக்கற நேரத்துல பிரேக் பெடல் நடுங்குதா?"

"அட, உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் டீச்சர். "மூணு வாரமா நடுங்குது. வண்டின்னு யாரு நினைச்சா? எனக்குத்தான் வயசாகி கால் போச்சுன்னு நினைச்சுட்டேன். வண்டிய வித்துடலாம்னு நேத்துதான் ஒருத்தர்கிட்ட சொல்லி வெச்சேன்."

ஷபீனா நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் அப்பாதுரை இடது சக்கரத்தின் பக்கம் குனிந்து, கையால் வண்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கால் நல்லாத்தான் இருக்கு டீச்சர்," என்றாள். "தப்பு பண்ணது நான். வண்டிய எடுக்காதீங்க, நான் இப்பவே வரேன்."