நாற்பது அடி நீலம்

பெயிண்டருக்கு இந்த உலகத்தில் யாரிடமாவது பயம் உண்டென்றால் அது அவருடைய சகலையிடம்தான். மனைவியின் அக்காளைக் கட்டியவர். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் வண்டியை ஓட்டிய டிரைவர். பெயிண்டர் வீட்டுக்கு வந்தால் உட்காருவதற்கு முன்பே, கதவு கோணலாக இருக்கிறது, குழாய் சொட்டுகிறது என்று ஆரம்பித்துவிடுவார். "நல்லா இருக்கு" என்று அவர் வாயிலிருந்து வந்து கேட்டவர்கள் சொந்தபந்தத்தில் யாரும் இல்லை.

அப்பேர்ப்பட்டவர் கடைசியில் சொந்தமாக ஒரு டிரெய்லர் வாங்கினார். நாற்பது அடி நீளப் பெட்டி வைத்த பழைய வண்டி. ஊரில் வேறு பட்டறையே இல்லாத மாதிரி நேராகக் கொண்டுவந்து பெயிண்டரின் கொட்டகையில் நிறுத்தினார்.

"என்ன கலர் சகலை?"

"கருநீலம். வீட்டுல சொல்லிட்டா. அப்புறம் மாத்த முடியுமா?"

வெள்ளை என்றால் நாலு தப்பை மூடிக்கொள்ளும். கருநீலம் ஒரு கோள்மூட்டி. கை ஒரு நொடி தயங்கினால்கூடப் பட்டையாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

துருவைச் சுரண்டி, பள்ளங்களில் பட்டி பூசி, தேய்த்து, பிரைமர் அடிக்க மூன்று நாள் பிடித்தது. நாலாம் நாள் காலை, சக்கரம் வைத்த மேடையைத் தள்ளுகிற ஆள், காய்ச்சல் என்று போன் செய்துவிட்டார். அந்த மேடையில் நின்றுதான் பெட்டியின் மேல்பாதியை அடிக்க வேண்டும். மேடை ஒரே சீராக நகர வேண்டும். மெதுவானால் பெயிண்ட் வழியும், வேகமானால் மெலியும்.

"நான் தள்றேன்," என்றார் சகலை. வேண்டாம் என்று சொல்லப் பெயிண்டருக்கு வாய் வரவில்லை.

பாதி தூரம் ஒழுங்காகத்தான் போனது. திடீரென்று மேடை நின்றது.

"இங்க கொஞ்சம் லேசா தெரியுதே?" என்று சகலை கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயிண்டர், பெயிண்ட் பீச்சுகிற துப்பாக்கியின் விசையை விடுவதற்குள் ஒரே இடத்தில் பெயிண்ட் குவிந்து, நீளமாக வழிந்து இறங்கியது.

"யோவ்! உன்னை யாருய்யா நிக்கச் சொன்னது?"

கத்திய பிறகுதான் யாரைப் பார்த்துக் கத்தினோம் என்று பெயிண்டருக்கு உறைத்தது. கம்ப்ரசர் மட்டும் தடதடத்துக்கொண்டிருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பப் போகிறார், இன்றைக்கு வீட்டில் நமக்கு அர்ச்சனைதான் என்று நினைத்தார்.

சகலை வழிந்த இடத்தையே பார்த்தார். "என் தப்புதான்," என்றார். "இப்ப என்ன செய்யணும்?"

"காயணும். நாளைக்குத் தேய்ச்சுட்டு மறுபடி அடிக்கணும்."

மறுநாள் விடிந்ததும் பழைய சட்டையோடு வந்து நின்றார் சகலை. தேய்க்கிற காகிதத்தைக் கேட்டு வாங்கி, வழிந்த இடத்தை அவரே வழவழவென்று தேய்த்தார். பிறகு சாக்பீஸால் வண்டியை ஒட்டித் தரையில் நேராக ஒரு கோடு போட்டு, அடிக்கு ஒரு புள்ளி வைத்தார்.

"ஓவர்லோடு வண்டியை இறக்கத்துல விடுற மாதிரி. அவசரமும் கூடாது, திடீர் பிரேக்கும் கூடாது. நான் இந்தப் புள்ளியைத்தான் பாப்பேன். பெட்டியப் பாத்தா என் புத்தி சும்மா இருக்காது."

பெயிண்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகமூடி அதை மறைத்துக்கொண்டது.

இந்த முறை மேடை தண்ணீரில் போவது போலப் போனது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகமாகத் துப்பாக்கியைத் தள்ளிப் பிடித்து, அடித்த பட்டையின் பாதியின் மேல் அடுத்த பட்டை ஏறும்படி பெயிண்டர் அடித்துக்கொண்டே போனார். கடைசி வரை போய்த் திரும்பி வரும்போதும் ஓரம் ஈரமாகவே இருந்ததால் அடுத்த பட்டை ஒட்டுத் தெரியாமல் சேர்ந்தது. மேல்பாதி முடிந்ததும் கீழே இறங்கி, நடந்துகொண்டே மீதியை அடித்தார். சகலை பின்னால் துப்பாக்கியின் காற்றுக் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். இத்தனை வருஷத் தொழிலில் தன் கை இவ்வளவு லேசாக இருந்ததாகப் பெயிண்டருக்கு நினைவில்லை.

மதியத்துக்குள் இரண்டு பக்கமும் முடிந்தது. சகலை டார்ச்சை எடுத்தார். ஒரு முனையில் தொடங்கி, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து, அடி அடியாக நகர்ந்தார். பெயிண்டர் கைகளைத் துடைப்பதுபோல நின்றுகொண்டிருந்தார். அவரும் சும்மா இல்லை. கண்ணால் தேடிக்கொண்டுதான் இருந்தார். பின்கதவுக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு பூச்சி ஈரப் பெயிண்டில் ஒட்டியிருப்பதை அவர்தான் முதலில் பார்த்தார்.

"சகலை, இங்க ஒரு பூச்சி. காஞ்சதும் எடுத்துட்டு அந்த இடத்தை மட்டும்..."

சகலை குனிந்து பார்த்தார். டார்ச்சை அணைத்தார்.

"விடுங்க, இருக்கட்டும். அதுவும் நம்ம வண்டில நாலு ஊரு பாக்கட்டும்."

பிறகு பத்தடி பின்னால் போய், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அந்த நீலத்தை வெகுநேரம் பார்த்தபடி நின்றார். போன் அடித்தது. மனைவிதான்.

"ஆமா, முடிஞ்சுது," என்றார். "நீயே வந்து பாரேன். கண்ணாடி மாதிரி இருக்கு."

பெயிண்டர் கேட்காததுபோலத் துப்பாக்கியைக் கழுவ உட்கார்ந்தார். ஒரு தடவைக்கு மூன்று தடவை கழுவினார்.