வியாழக்கிழமை மட்டும்

நான்கு மணிக்கு ஓட்டெடுப்பு என்று அறிவித்த பிறகும் மெர்ல் திபோடோ வராந்தாவிலேயே நின்றுகொண்டிருந்தார். சட்டசபைக் கதவைத் திறப்பதும் சாத்துவதும் என் வேலை. பத்தொன்பது வருடமாக உறுப்பினர்களின் முகத்தைவிட நடையைத்தான் அதிகம் கவனித்திருக்கிறேன். உருளைக்கிழங்கு வயலில் நடப்பவர் போலக் காலைத் தூக்கித் தூக்கி வைக்கிற மனிதர், அன்று காலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பட்ஜெட் நிறைவேறாவிட்டால் நள்ளிரவோடு மாநில அரசின் கதவுகளெல்லாம் சாத்தப்படும், என் கதவு உட்பட. மெர்ல் வீட்டுக்கு வருகிற ஜாய்ஸும் நின்றுவிடுவாள். நடுக்குவாதத்தில் கிடக்கும் அவர் மனைவி ஒடெட்டை வாரத்தில் ஐந்து நாள் குளிப்பாட்டி, உடுத்தி, தலை பின்னிவிடுவது அரசு சம்பளம் வாங்கும் இந்த ஜாய்ஸ்தான். அந்த ஐந்தை மூன்றாக்கிய பட்ஜெட்டுக்குத் தன் ஓட்டு கிடையாது என்று, போன மாதம் தேவாலயத்து விருந்தில் மைக்கைப் பிடித்து ஊரறியச் சத்தியம் செய்திருந்தார் மெர்ல். அவர் தொகுதியில் அப்படி முந்நூறு வீடுகள்.

ஆளுங்கட்சியின் பெவர்லி ஸ்ட்ராட் மூச்சிரைக்க வந்தார்.

"நாலு நாள், மெர்ல். ரோடு போடுறவங்க கையில காலுல விழுந்து அவங்க பணத்துலேருந்து வாங்கிட்டு வந்திருக்கேன். இதுக்கு மேல என்னால ஆகாது."

"அஞ்சுன்னு சொல்லியிருக்கேனே."

"உன்னைப் பச்சை அழுத்துன்னு யாருய்யா சொன்னா? சிவப்பை அழுத்தாம இரு, போதும். சும்மா நடந்துட்டு வா."

'நடந்துட்டு வா' என்றால் எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் புரியும். மணி அடித்ததும் நான் கதவைச் சாத்துவேன். வெளியே மாட்டிக்கொண்டவர் ஓட்டுப் போடவில்லை, அவ்வளவுதான். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். மெர்ல் எதிர்ப்புக்கான சிவப்புப் பொத்தானை அழுத்தினால் இரு பக்கமும் சமமாகி பட்ஜெட் தோற்கும். அவர் வெளியே நின்றால் ஒரே ஒரு ஓட்டில் பிழைக்கும். சங்கடம் என்னவென்றால், அப்படி நடக்கப் போகிறவர்களைப் பார்த்து, "என்ன, மூட்டுவலிக்கு டாக்டர் நடக்கச் சொன்னாரா?" என்று பதினெட்டு வருடமாகக் கிண்டலடித்தவரே இவர்தான்.

பெவர்லி உள்ளே போனதும் மெர்ல் வீட்டுக்குப் போன் போட்டார். காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"நாலு நாள்தான் கிடைக்குமாம், ஒடெட்."

"நாளையிலேருந்து ஒரு நாளும் இல்லாம போறதுக்கு நாலு தேவலையே." குரல் நடுங்கினாலும் சொல் தெளிவாக இருந்தது. "வியாழக்கிழமை வேண்டாம்னு சொல்லிடு. சபைதான் முடியுதே, அன்னைக்கு நீ பாத்துக்கோ."

"எனக்கு உன் தலை பின்னத் தெரியாதே."

"நாப்பத்தாறு வருஷமா பாத்துக்கிட்டுத்தானே இருந்தே? கத்துக்கோ."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"ரோவீனா, எப்படிம்மா பின்றது?"

ஜன்னல் திரைக் குஞ்சத்தை எடுத்து மூன்றாகப் பிரித்துக் கொடுத்தேன். டிராக்டர் பழுது பார்க்கிற கை, பட்டு நூலைத் தொடவே பயந்தது.

"நடுவுல இருக்கறதை விட்டுடறீங்க பாருங்க. அதை விரல்ல பிடிச்சுக்குங்க. இப்ப வலது பக்கத்துது மேல வரட்டும்."

"இறுக்கிட்டா அவளுக்கு வலிக்குமா?"

"வலிச்சா சொல்லுவாங்க."

"சொல்லமாட்டா" என்றார்.

மணி அடித்தது. நான் கதவின் பிடியில் கை வைத்தேன். வேண்டுமென்றேதான் மெதுவாகச் சாத்தத் தொடங்கினேன். எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று நான் சொல்ல முடியாது. அவர் குஞ்சத்தைக் கீழே விட்டார்.

"வெளியவே நின்னுட்டா ஊர்ல போய், நாளைக் குறைச்சதுல நான் இல்லைன்னு சொல்லிக்கலாம். வியாழக்கிழமை அவ தலையைக் கையில வச்சுக்கிட்டு யார்கிட்டம்மா அதைச் சொல்றது?"

என்னைத் தாண்டி உள்ளே போனார். கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பலகையில் எல்லாப் பெயர்களுக்கும் விளக்கு எரிந்துவிட்டது, அவருடையதைத் தவிர. பெவர்லி திரும்பிப் பார்த்தார். பிறகு 'திபோடோ' என்ற பெயருக்குப் பக்கத்தில் பச்சை எரிந்தது. யாரோ கை தட்டினார்கள். அவர் நிமிரவில்லை. மடிமேல் இருந்த வலது கையின் விரல்கள், நடுப்பிரியை விட்டுவிடாமல், ஒன்றன்மேல் ஒன்றாக மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.