வியாழன் நான்காவது பீரியட்

காலை ஐந்தரை மணிக்கு அவன் வீட்டைத் திறந்தான். மெயின் சுவிட்சைப் போட்டான். முகம் கழுவினான். முந்தைய நாள் முழுக்க மின்சாரம் இல்லாததால் ஃபிரிட்ஜின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. பழைய துண்டைப் போட்டுத் துடைத்துப் பிழிந்தான். பால் திரிந்திருந்தது. கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தான். சவரம் செய்தான். குளித்தான். துவைத்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். பல் தேய்க்காதது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மறுபடியும் குளியலறைக்குப் போய்த் தேய்த்தான்.

ஏழு மணிக்கு மாமனாரும் அவருடைய பெரிய மகளும் வந்தார்கள். பெரியவள் நர்ஸ். தங்கை முந்தைய இரவு இறந்துபோன அதே ஆஸ்பத்திரியில்தான் அவளுக்கு வேலை.

"மூளையில ரத்தக் குழாய் வெடிச்சா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது," என்று வாசலிலேயே சொன்னாள். அதை அவள் இரவிலிருந்து பத்துப் பேரிடம் சொல்லியிருப்பாள். "பெரிய டாக்டர் வந்து கையெழுத்துப் போடணும். பதினோரு மணிக்குள்ள குடுத்துடுவாங்க. சாப்பிட்டியா?"

"இல்லக்கா."

"சாப்பிடு. சாப்பிடாம இருந்தா யாரும் மெடல் குத்தமாட்டாங்க."

எட்டரை மணிக்குப் பள்ளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவன் மனைவி அங்கே கணக்கு டீச்சர். துணைத் தலைமையாசிரியை வந்தாள், ஆபீஸ் கிளார்க் வந்தார், இன்னும் நாலைந்து பேர். கடைசியாக ஓவிய ஆசிரியர் வந்து செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் நின்றார். எல்லோரும் அவன் கையைப் பிடித்தார்கள். அவன் கையைக் கொடுத்தான்.

கூடத்தில் உட்கார்ந்த பிறகு துணைத் தலைமையாசிரியை பெரியவளிடம் குரலைத் தாழ்த்திப் பேசினாள். அவளுக்குத் தாழ்ந்த குரல் கிடையாது.

"திங்கக்கிழமை ஸ்கூல் திறக்குதும்மா. டைம்டேபிள் பூரா அவதான் போடுவா. மூணு வாரமா உக்காந்து போட்டுட்டிருந்தா. இத இப்பப் பேசக் கூடாது. போன வருஷத்துதே இருக்கு, அதையே ஓட்டிக்கறோம். நீங்க அதப் பத்தியெல்லாம் கவலப்படாதீங்க."

"போன வருஷத்துல இருந்த ஆறு பேர் இந்த வருஷம் இல்லையே மேடம்," என்றார் கிளார்க்.

"சமாளிச்சுக்கலாம் சார். இருபத்தெட்டு வகுப்பு, நாப்பத்திரண்டு டீச்சர். முதல் ஒரு மாசம் சந்தைக் கடையாத்தான் இருக்கும். என்ன பண்றது?"

அவன் எழுந்தான். "இருக்கு மேடம். எங்கயும் போகல. இன்னிக்கே எடுத்துத் தரேன்" என்றான்.

படுக்கையறை மூலையில் கணினி இருந்தது. அதன் நிலைமை காலையிலேயே அவனுக்குத் தெரியும். மெயினைப் போட்டதும் அது தானாக உயிர்பெற்றிருந்தது. திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றும். "புதுப்பிப்பை முடிக்க முடியவில்லை, மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன" என்று வரும். பிறகு இருட்டு. பிறகு மறுபடியும் புள்ளிகள். மூன்று மணி நேரமாக அது அதையே செய்துகொண்டிருந்தது.

பெரியவள் பின்னாலேயே வந்தாள். "இப்பப் போய்க் கம்ப்யூட்டரா? கூடத்துல ஆளுங்க இருக்காங்க. பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"நெனைக்கட்டும்."

"என்ன ஆச்சு இதுக்கு?"

"நேத்துக் காலைல அப்டேட் ஓடிட்டிருந்தது. முப்பத்தேழு சதவீதம். அணைக்காதீங்கன்னு பெருசாப் போட்டிருந்தது. ஸ்ட்ரெச்சர் வெளிய போனதும் நான் திரும்பி வந்து மெயின அணைச்சேன்."

பெரியவள் கூடத்துச் சுவரில் இருந்த மெயினைத் திரும்பிப் பார்த்தாள். கிளம்பும்போது மெயினை அணைக்க வேண்டும் என்பது அவள் பிறந்த வீட்டுச் சட்டம். அம்மா வீட்டிலிருந்து நீ கொண்டுவந்த ஒரே சொத்து இதுதான் என்று அவன் மனைவியைக் கேலி செய்வான். நான்கு வருடத்தில் அவளை விட அவனுக்குத்தான் அது அதிகம் பழகிப் போயிருந்தது. கீழே ஆம்புலன்ஸ் நின்றது. அவன் கை தானாகப் போய் அணைத்தது.

"பத்து செகண்டு ஆயிருக்குமா?" என்று கேட்டாள்.

"இருக்கும்."

"பத்து செகண்டுல ஒண்ணும் மாறியிருக்காது. நர்ஸாச் சொல்றேன்."

"தெரியும்க்கா. ஆனா இது மாறிடுச்சே."

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

அவன் கடைக்காரனுக்குப் போன் செய்தான். அந்தக் கணினியை விற்றவன் அவன்தான்.

"ஃபார்மேட் பண்ணிப் புதுசாப் போட்டுடலாம் சார். ஒரு மணி நேர வேலை."

"உள்ள இருக்கறது?"

"அது போயிடும். வேற எதுலயாவது காப்பி வச்சிருப்பீங்கல்ல?"

"இல்ல."

"எல்லாரும் இதையேதான் சார் சொல்றாங்க."

அவன் போனை வைத்தான். அவனுக்கு வேலை குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில். தண்ணீரைச் சோதித்துச் சான்று கொடுப்பது. சோதனை தப்பினால் முதல் படியிலிருந்து மறுபடி செய்வார்கள். கோபப்படுவதால் குளோரின் அளவு மாறுவதில்லை. மேசை மேல் கிடந்த ஒரு தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு, செய்வதையெல்லாம் நேரத்தோடு எழுதத் தொடங்கினான்.

8.52. புள்ளிகள் சுற்றும்போது பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தான். மறுபடி அணைத்தான். மூன்றாவது முறை அணைத்துப் போட்டதும் வேறு திரை வந்தது. நீல நிறத்தில் ஒரு பட்டியல். மூன்று முறை விழுந்தால்தான் அது உதவிக்கு வருமாம். கைப்பேசியில் படித்திருந்தான்.

9.05. தானே பழுதுபார்க்கும் வழி. பத்து நிமிடம் யோசித்துவிட்டு, முடியவில்லை என்றது.

9.17. கடைசிப் புதுப்பிப்பை நீக்கும் வழி. முடியவில்லை.

9.24. பழைய நாளுக்குத் திரும்பும் வழி. அப்படி ஒரு நாள் எதுவும் சேமிக்கப்படவில்லை என்றது. அதை அவன் இரண்டு முறை படித்தான். தாளில் "இல்லை" என்று மட்டும் எழுதினான்.

பட்டியலின் மேலே ஒன்று பெரிதாகவே இருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு. ஒரே அழுத்து.

"அதான் சுலபம் போலிருக்கு," என்றாள் பெரியவள்.

"ஆமா."

அவன் அதைத் தொடவில்லை. கட்டளைத் திரைக்குப் போனான். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. பாதியில் நின்ற புதுப்பிப்பைத் திரும்பப் பெறச் சொல்லும் நீண்ட வரி ஒன்றை, கைப்பேசியைப் பார்த்து எழுத்து எழுத்தாக அடித்தான். ஒரு இடைவெளி கூடத் தப்பக் கூடாது. பெரியவள் மருந்துச் சீட்டைச் சரிபார்ப்பது போல விரலை வைத்துப் பார்த்தாள்.

"இங்க ஒரு கோடு விட்டுட்ட."

போட்டான். அழுத்தினான். சி டிரைவில், எல்லாத் தகவலும் இருக்க வேண்டிய இடத்தில், எதுவுமே இல்லை என்று பதில் வந்தது.

அவன் நாற்காலியில் சாய்ந்தான். எதுவுமே இல்லை. கூடத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். மூன்று வாரமாக அவள் இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள், ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு. அவன் சோறு போட்டு எடுத்து வந்தால், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வாயைத் திறப்பாள்.

"அவ்ளோதானா?" என்றாள் பெரியவள்.

அவன் கைப்பேசியில் மேலும் கீழே போனான். எவனோ ஒருவன், எந்த ஊர்க்காரனோ, இரண்டு வருடம் முன்னால் எழுதி வைத்திருந்தான். இந்த மீட்புத் திரையில் டிரைவ் எழுத்துகள் இடம் மாறிவிடும். சி என்பது டியாக இருக்கலாம். பயப்பட வேண்டாம்.

ஒரே ஒரு எழுத்தை மாற்றினான். அழுத்தினான்.

அடியில் ஒரு கோடு நகரத் தொடங்கியது. 4.1 சதவீதம்.

"அக்கா, ஓடுது!"

"ஓடுதா?"

"ஓடுது."

9.51 என்று தாளில் எழுதினான். அவசரத்தில் ஐந்து ஒன்பது மாதிரி விழுந்தது.

பத்தேகால் மணிக்குப் பெரியவளின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் வந்துவிட்டார், யாராவது வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். கோடு 62-இல் நின்றிருந்தது. பதினைந்து நிமிடமாக அதே 62.

கூடத்தில் எல்லோரும் எழுந்து நிற்பது கேட்டது. "கிளம்பலாம், கிளம்பலாம்" என்றார் மாமனார். அவன் அறை வாசலுக்கு வந்தபோது, அவர் கைத்தடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வழக்கம் போல மெயின் சுவிட்சுக்குக் கையைத் தூக்கியிருந்தார்.

"மாமா! வேண்டாம்!"

நான்கு வருடத்தில் அவன் அவரிடம் குரலை உயர்த்தியதில்லை. கூடம் அப்படியே நின்றது. அவர் தன் கையைப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார்.

"ஓடிட்டிருக்கு மாமா. அவ போட்ட டைம்டேபிள். நேத்து நான் அணைச்சு நின்னுபோனது."

"நீயா அணைச்ச?"

"ஆமா மாமா."

"அணைக்கச் சொல்லிக் குடுத்தவன் நான்," என்றார் அவர். ஒரு நாற்காலியை இழுத்துச் சுவிட்சுக்கு அடியில் போட்டு உட்கார்ந்தார். முப்பத்தாறு வருடம் ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். "நான் இங்க இருக்கேன். ஒரு பய தொட முடியாது. நீ போய் உன் வேலையப் பாரு."

"அப்ப ஆஸ்பத்திரிக்கு?" என்றார் கிளார்க்.

பெரியவள் அவனைப் பார்த்தாள். அவன் திரையைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் போறேன்," என்றாள். "அங்க எல்லாரும் என்னைத் தெரிஞ்சவங்கதான். கையெழுத்து நான் போட்டு அவளக் கூட்டிட்டு வரேன். வர்றதுக்குள்ள முடிச்சு வை." கதவு வரை போய்த் திரும்பினாள். "ஊரெல்லாம் என்ன சொல்லும் தெரியுமா? பொண்டாட்டிய எடுத்துட்டு வரப் போகாம கம்ப்யூட்டர் நோண்டினான்னு சொல்லும். கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். நீ எந்திரிக்காத."

கிளார்க் அவளோடு போனார்.

அவன் உட்கார்ந்தான். 62. ஒரு கட்டத்தில் அது எண்ணே இல்லை, சுவரில் இருக்கும் கறை என்று தோன்றியது. துணைத் தலைமையாசிரியை வந்து பின்னால் நின்றாள். ஓவிய ஆசிரியர் கதவருகே நின்றார். மாமனார் கூடத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை "என்னாச்சு?" என்றார். "அப்படியே இருக்கு" என்று இங்கிருந்து யாராவது சொன்னார்கள்.

பத்து முப்பத்தெட்டுக்கு அது 63 ஆனது. பிறகு 71. பிறகு எண்கள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்தன. 88. 96. வேலை வெற்றிகரமாக முடிந்தது.

கட்டளைத் திரையிலிருந்து வெளியேறினான். கணினி அணைந்து மறுபடி எழுந்தது. புள்ளிகள் சுற்றின. திரை இருண்டது. இருட்டு இந்த முறை கொஞ்சம் நீண்டது. பிறகு அவளுடைய திரை வந்தது. அவள் பெயரில் ஒரு கோப்புறை, அதற்குள் "டைம்டேபிள் இறுதி", "டைம்டேபிள் இறுதி 2", "டைம்டேபிள் நிஜமாவே இறுதி".

துணைத் தலைமையாசிரியை கைதட்டிவிட்டாள். தட்டிய பிறகுதான் எந்த வீட்டில் நிற்கிறோம் என்று ஞாபகம் வந்து இரண்டு கைகளையும் வாயில் வைத்துக்கொண்டாள். கூடத்திலிருந்து மாமனார், "வந்துடுச்சா?" என்று கத்தினார்.

"வந்துடுச்சு மாமா!"

"வந்துடுச்சாம்," என்று அவர் அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் சொன்னார். ரயில் வந்துவிட்டதைச் சொல்வது போலச் சொன்னார்.

அவன் முதல் வேலையாகக் கோப்பைப் பென் டிரைவில் போட்டான். தனக்கும் பள்ளிக்கும் மின்னஞ்சலில் அனுப்பினான். பிறகுதான் திறந்தான். இருபத்தெட்டு வகுப்புகள், ஐந்து நாட்கள், நாளுக்கு எட்டு பீரியட். ஆயிரத்துக்கு மேல் கட்டங்கள், எல்லாம் பச்சை. ஒன்றைத் தவிர.

வியாழன் நான்காவது பீரியட் சிவப்பாக இருந்தது. ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் ஒரே நேரத்தில் ஆய்வுக்கூடம். இருப்பது ஒரே ஆய்வுக்கூடம்.

"இதுதான்," என்றாள் துணைத் தலைமையாசிரியை. "நாலு நாளா இத வச்சுட்டுத்தான் மண்டைய உடைச்சிட்டிருந்தா. எனக்கே ரெண்டு தடவ போன் பண்ணினா. இங்க எடுத்து அங்க வச்சா அங்க செவப்பாகும். போகட்டும் தம்பி. ஒரு கட்டம் தானே, இருந்துட்டுப் போகட்டும். இவ்ளோ கெடச்சதே பெருசு."

அவன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். ஒன்பதாம் வகுப்பின் வியாழக்கிழமையை மேலிருந்து கீழே பார்த்தான். நான்காவது, ஆய்வுக்கூடம். ஆறாவது, ஓவியம். ஆறாவது பீரியடில் ஆய்வுக்கூடம் காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமையைப் பார்த்தான். மூன்றாவது, நூலகம். மறுபடி வியாழனுக்கு வந்தான்.

அவன் நாற்காலியில் திரும்பினான். கதவருகே நின்ற ஓவிய ஆசிரியரைப் பார்த்தான். அவர் பயந்துபோனார்.

"சார், நீங்க எந்தெந்த நாள் வர்றீங்க?"

"செவ்வா பூரா. வியாழக்கிழமை இந்த ஒரு கிளாசுக்கு மட்டும் சார்."

"வெள்ளிக்கிழமை வர முடியுமா? வியாழனுக்குப் பதிலா. மூணாவது பீரியட்."

"தாராளமா வரலாமே. வெள்ளிக்கிழமை பக்கத்துத் தெருவுல இன்னொரு ஸ்கூல்ல எனக்குக் காலைல கிளாஸ் இருக்கு. அப்படியே வந்துடுவேன். வியாழக்கிழமைதான் ஒரு கிளாசுக்காக ரெண்டு பஸ் மாறி வரேன்."

"இத ஏன் சார் சொல்லல?" என்றாள் துணைத் தலைமையாசிரியை.

"நாலு வருஷமா யாரும் கேக்கலையே மேடம். செவ்வா, வியாழன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்க, நான் வந்தேன்."

அவன் ஓவியத்தை வெள்ளிக்கு இழுத்தான். நூலகத்தை வியாழன் நான்காவதுக்கு இழுத்தான். ஆய்வுக்கூடத்தை ஆறாவதில் விட்டான். மூன்றே இழுப்பு. திரை ஒரு கணம் யோசித்தது. சிவப்பு போனது. மேலிருந்து கீழ் வரை ஒரே பச்சை.

"நாலு நாளா அவளுக்கே அகப்படல," என்றாள் துணைத் தலைமையாசிரியை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உனக்கு எப்படித் தோணிச்சு தம்பி?"

"எனக்குத் தோணல மேடம். அவதான் சொன்னா."

"எப்போ?"

மாமனார் சுவிட்சை விட்டுவிட்டு வந்து வாசலில் நின்றார். தெருவில் ஒரு வண்டி மெதுவாகத் திரும்பும் சத்தம் கேட்டது. அவன் கோப்பைச் சேமித்தான்.

"நேத்து. ஸ்ட்ரெச்சர்ல."

மாமனார் கேட்டார்: "என்னப்பா சொன்னா?"

லிஃப்டுக்குள் நுழையும் முன் அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தான். நினைவு தப்பிப் பேசுகிறாள் என்று அப்போது நினைத்தான். ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்கூடச் சரிம்மா, சரிம்மா என்றார். அவள் சிரித்த முகமாகத்தான் சொன்னாள்.

"டிராயிங் மாஸ்டர வெள்ளிக்கிழமை வரச் சொல்லிடு. எல்லாம் சரியாயிடும்."