லிஃப்ட்டுக்குப் பசி

பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் சிறப்பு ஆசிரியை டோரீன், பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தமிழிலேயே கேட்டாள்.

"செருப்ப இடது வலது மாத்திப் போடுவாளா? காலைல சொல்லிக்குடுத்த எழுத்து சாயங்காலம் மறந்துபோகுமா? வாயால கேட்டா பதில் சொல்லிட்டு, எழுதச் சொன்னா வயித்து வலின்னு படுத்துக்குவாளா?"

ஒவ்வொன்றுக்கும் லாவண்யா தலையாட்டினாள். இத்தனை நாளும் யாரோ தன் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது போல இருந்தது. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் ரூபினி பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"டிஸ்லெக்ஸியா மாதிரி தெரியுது, புத்தி இருந்தும் எழுத்து மட்டும் பிடிபடாது. டெஸ்ட் பண்ணித்தான் உறுதியா சொல்லணும். மக்குன்னு நெனச்சிடாதீங்கம்மா, பாஷைக் குழப்பமும் கிடையாது. இந்த மாதிரிப் பசங்க நிறைய பேரு வாயால நல்லா கதை சொல்லுவாங்க. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழுத்துப் பக்கம் கூட்டிட்டு வரணும். வீட்ல நல்லா பேசுவாளா?"

லாவண்யா மகளைத் திரும்பிப் பார்த்தாள். "பேசுவா," என்றாள். பேசிக்கொண்டிருந்தாள் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

என்ன பேச்சு பேசிய பெண் அது! வேலூரிலிருந்து கன்னடம் பேசும் ஹெப்பகோடிக்குக் குடிவந்த புதிதில் அபார்ட்மெண்ட் லிஃப்ட்டைப் பார்த்துவிட்டு, "அம்மா, லிஃப்ட்டுக்குப் பசி. ஆளுங்கள முழுங்கிட்டு மேல போய்த் துப்பிடுது. யாருமே ருசியா இல்லியாம்," என்றாள். அதன்பின் தினம் ஒரு கதை. லிஃப்ட்டுக்குக் கல்யாணம் ஆயிற்று, கண்டதைத் தின்று பேதியும் ஆயிற்று. அப்பா பாலகுமார் ஷிஃப்ட் முடிந்து வந்து, சோற்றில் வைத்த கை காய்வது தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பான்.

போன வருடம் வகுப்பு டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். பள்ளியில் இங்கிலீஷ், கன்னடம், ஹிந்தி, போதாததற்கு வீட்டில் தமிழ். பிள்ளை குழம்பிப் போகிறாள், தமிழை நிறுத்துங்கள் என்றார். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று புருஷனும் பெண்டாட்டியும் மண்டையை ஆட்டிவிட்டு வந்தார்கள். லாவண்யாவிடம் இருந்த இங்கிலீஷ் எவ்வளவு? ஈட். கம். ஸ்லீப். டோண்ட். அதட்டத்தான் அது உதவியது, கொஞ்ச உதவவில்லை. ரூபினி தமிழில் வாயெடுத்தால் லாவண்யா அவள் உதட்டின்மேல் விரலை வைப்பாள். பிள்ளை முதலில் அழுதது, பிறகு பழகிக்கொண்டது. எழுத்தும் வரவில்லை, இருந்த பேச்சும் போயிற்று. பாவி, பெற்றவளே அதைப் பண்ணினேனே என்று மனம் அடித்துக்கொண்டது. டோரீனைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில், மகளின் வாயை அடைத்த தன் கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

லிஃப்ட்டில் அவர்கள் இருவர்தான். லாவண்யா குனிந்து மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"லிஃப்ட்டு இன்னிக்கு யாரைச் சாப்ட்டுச்சுடி தங்கம்?"

எத்தனை மாதம் கழித்து மகளிடம் பேசிய தமிழ் அது. ரூபினி அம்மாவையே பார்த்தாள். வாய் திறக்கப்போவது போலத்தான் இருந்தது. பிறகு நுனிக்காலில் எம்பி, அம்மாவின் உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

"நோ தமிழ், மம்மி."

"இனிமே பேசலாம்டா. மிஸ்ஸே சொல்லிட்டாங்க," என்று விரலுக்கு அடியிலேயே லாவண்யா சொன்னாள்.

வேர்வையில் பிசுபிசுத்த சின்ன விரல் இன்னும் அழுத்தியது. அவர்கள் மாடி வந்து கதவு திறந்தது. இருவரும் இறங்கவில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு லிஃப்ட் தானாகவே கதவை மூடிக்கொண்டது.