மேகம் படிந்த மேசை

மழை கொட்டும்போது மரத்துக்கு லாக்கர் மெருகு அடிக்காதீர்கள் என்று சின்னவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். அக்கா புருஷன் கேட்டால்தானே! வாசல் பலகையில் ‘மரக்கலை வித்தகர்’ என்று தானே எழுதி மாட்டிக்கொண்ட மனுஷன் மழைக்குப் பயப்படலாமா? பட்டறைக் கதவை விரியத் திறந்துவைத்து, வக்கீலின் கறுப்பு மேசைக்கு அவரே ஸ்பிரே கன்னால் அடித்து முடித்தார். காற்றிலிருந்த ஈரமெல்லாம் லாக்கருக்குள் அடைபட்டுப்போனது. விடிந்து பார்த்தால் மேசை, பாலைக் கொட்டித் துடைக்காமல் விட்டதுபோல் வெளுத்துக் கிடந்தது.

வெளுத்தது மேசை, கறுத்தது சின்னவளின் பெயர்.

“உன் தங்கச்சி அடிச்ச லட்சணத்தப் பாரு,” என்று அக்காவிடம் குதித்தார் வித்தகர். “இனிமே அவளுக்கு கன் கிடையாது. உப்புத்தாள் தேய்க்கட்டும், போதும்.”

அக்கா அதை நம்பி உள்ளே போனாள். அந்த கன் கைக்கு வருமுன் உப்புத்தாளில் விரல்ரேகை தேய்ந்தவள் சின்னவள்.

“அத்தான், பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுங்க. மழை விட்டு நல்லா வெயில் அடிக்குது. மெதுவா காயுற தின்னர மேலாக ஊதினா லாக்கர் இளகி, ஈரம் தன்னால வெளிய போயிடும். நான் சரி பண்றேன். ஆனா அடிச்சது நீங்கன்னு அக்காகிட்ட சொல்லிட்டு கன்னைக் குடுங்க.”

“எனக்கே வித்தை சொல்லித் தரியா?” கன்னை மார்போடு அணைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வக்கீல் வந்து நின்றார். மேசையைக் கண்டதும் புருவம் ஏறியது.

“என்னய்யா இது?”

வித்தகரின் நாக்கு சட்டென்று புரண்டது.

“இதுக்குப் பேரு மேகப் பூச்சு சார். வெளிநாட்டுல இப்ப இதுதான். சாமானியமா யாருக்கும் கைவராது.”

வக்கீல் குனிந்து பார்த்தார். தள்ளி நின்றும் பார்த்தார். புரியாததைப் புரியவில்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

“அடடா! உள்ளுக்குள்ள ஒரு ஆழம் தெரியுதே! யார் கைவண்ணம்?”

“அடியேன்தான்! இந்த மேசைய வேற யாரையும் தொடவே விடல சார்.”

“இன்னொரு தடவ சொல்லுங்க அத்தான்,” என்றாள் சின்னவள். “அக்கா காதுல விழட்டும்.”

விழுந்துவிட்டது. அக்கா வந்தாள். புருஷன் கையிலிருந்த கன்னை வெடுக்கென்று பிடுங்கித் தங்கையிடம் நீட்டினாள்.

“அடிடீ.”

சின்னவள் தின்னரை ஊற்றிக்கொண்டு, பனி படிவதுபோல் மெல்ல ஊதினாள். ஊதிய இடமெல்லாம் வெளுப்பு கரைந்து, கறுப்பு பளபளவென்று எழுந்து வந்தது.

“ஐயையோ, என் மேகம்!” என்று அலறினார் வக்கீல். “நிறுத்தும்மா! கறுப்பு மேசை ஊர்ல எவன்கிட்டதான் இல்ல?”

“மேகம் வேணும்னா அடுத்த மழைக்கு இவரையே கூப்பிடுங்க சார். எனக்கு வராது.” நிமிராமலே அவள் அடுத்த மூலைக்கு நகர்ந்தாள். “அத்தான், தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க.”