குழாய் பார்க்கும் திசை

சங்கிலி கம்பத்தில் ஏறி ரேடியோ செட்டின் ஒலிபெருக்கிக் குழாயை மேற்கே திருப்பிக் கட்டினான். ஷரீபா ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

உத்தமபாளையத்தில் அந்தத் தெருவின் ஒரு முனையில் பள்ளிவாசல், மறு முனையில் காளியம்மன் கோயில். பங்குனியில் கோயில் பொங்கல் திருவிழா சாட்டினால் ரேடியோ செட் கட்டுவது சங்கிலிதான். சில வருடங்களாக ஒரு குழாய் இந்த ஜன்னலைப் பார்த்திருந்தது. ஷரீபாவின் புருஷன் அப்துல் காதர் கேட்டு வாங்கிய குழாய்.

காதர் தேங்காய் மண்டி வைத்திருந்தார். நுரையீரல் கெட்டுப் படுத்ததும் மண்டி மகன் சலீமிடம் போனது. கட்டில் ஜன்னலோரம் வந்தது. ஆக்சிஜன் மெஷின் இரவும் பகலும் ஒரே சுருதியில் முனகும்.

"சுருதிப்பெட்டி வந்துருச்சு. பாடத்தான் ஆளில்ல" என்பார்.

மூச்சு இருந்தவரை அவரே பாடினார். முதலில் ஒரு பாட்டு. பிறகு ஓரிரு வரி. பிறகு கட்டில் சட்டத்தில் விரலால் தாளம் மட்டும்.

ஒரு பங்குனியில் சங்கிலியை ஜன்னலுக்குக் கூப்பிட்டார்.

"மாப்ள, ஒரு கொழாய இங்கன பாத்துக் கட்டு. நான் பாட்டுக்கிட்ட போக முடியாது. பாட்டு எங்கிட்ட வரட்டும்."

"அத்தை வைவாகளே மாமா."

"அவ வையிறதும் சுருதி சேந்துதான் இருக்கும். நீ கட்டு."

ஷரீபா வைதாள். பாத்திரம் கழுவும்போது வைதாள், தொழுதுவிட்டு எழுந்து வைதாள். "ஏலே சங்கிலி, ஒனக்குப் படச்சவன் காது வைக்க மறந்துட்டானா?" தெரு சிரித்தது. காதர் கட்டிலில் கிடந்தபடி, "கம்பத்துல இருக்கவனுக்கு ஒரு டீ குடுத்துவிடு. வஞ்சுக்கிட்டே குடு" என்றார். வைதுகொண்டே கொடுத்தாள்.

எதிர் வீட்டுப் பெண் கயலுக்குப் பரீட்சை வந்த வருடம் அவரே சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். கோயில்காரர்கள் யாரும் சொல்லவில்லை. பொங்கல் முடியும்வரை ஜன்னல் கம்பியில் காதை வைத்துக் கேட்டார். மெஷினின் டியூப் அந்த அளவுக்கு நீளவில்லை. மெஷினை ஷரீபாதான் ஜன்னல் பக்கம் இழுத்து வைத்தாள்.

மாசியில் இறந்தார்.

மெஷினைத் தேவாரம் ஊரில் ஒரு நோயாளிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஷரீபா புருஷனுக்காக இத்தா இருந்தாள். வாசல் தாண்டக் கூடாது, வெளி ஆண்கள் முன் வரக் கூடாது. வெள்ளைச் சேலை. வீட்டில் அவளோடு மருமகள் சாதியா. எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். பிள்ளைகளைக்கூட வாசலில் விளையாட விடவில்லை. அந்த அமைதிதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பொங்கல் சாட்டியது தெரிந்ததிலிருந்து அவள் குழாய்க்காகக் காத்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அவர் கேட்டதை இந்த ஒரு முறை அவளும் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

சலீம் உள்ளே வந்தான்.

"கொழாய மேக்க பாக்கக் கட்டச் சொல்லிட்டேன்மா. சங்கிலியே கேட்டான், மாமா இல்லாத வீடு, அத்தைக்குச் சங்கடமா இருக்குமேன்னு. நீங்க நிம்மதியாப் படுங்க."

"சரி" என்றாள்.

மகனிடம் எப்படிச் சொல்வது. புருஷன் போய் மாதம் ஒன்றுகூட ஆகவில்லை. அதுவும், சத்தம் ஆகாது என்று இத்தனை வருடம் தெருவுக்கே தெரிய வைதவள்.

மதியம் பாட்டு தொடங்கியது. மேற்குத் தெரு சுவரில் மோதி உடைந்து வந்தது. மேளம் மட்டும் கேட்டது, குரல் இல்லை. ஷரீபா ஜன்னல் கம்பியில் காதை வைத்தாள். அப்போதும் இல்லை.

சாதியாவை அழைத்தாள்.

"சங்கிலிகிட்ட அந்தக் கொழாயத் திருப்பச் சொல்லு."

சாதியா ஒரு கணம் மாமியைப் பார்த்தாள். பிறகு முக்காட்டை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். குரல் உள்ளே கேட்டது.

"அண்ணே, மாமி கொழாயத் திருப்பச் சொல்றாக."

"இன்னுமா கேக்குது?" சங்கிலி பதறினான். "தப்பாப் போச்சு தாயி. அத்தைகிட்ட மன்னிச்சுக்கிறச் சொல்லு. கழட்டி அடுத்த தெருவுல கட்டிர்றேன்."

கம்பத்தில் விறுவிறுவென்று ஏறினான். கயிற்றை அவிழ்த்தான். சாதியா திரும்பி வந்து, "சொல்லிட்டேன் மாமி" என்றாள்.

ஷரீபா திரையின் இடுக்கில் பார்த்தாள். குழாய் சங்கிலியின் தோளுக்கு வந்துவிட்டது. ஒரு கையால் கம்பத்தைப் பிடித்தபடி இறங்கிக்கொண்டிருந்தான். வாசலில் சலீம் நின்றான். எதிர் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள்.

"ஏலே சங்கிலி!"

திரைக்குப் பின்னாலிருந்து வந்த குரலில் தெரு நின்றது.

"எறங்கிக்கிட்டே இருக்கேன் அத்தை. இந்தா கொண்டுபோயிர்றேன்."

"எங்கலே கொண்டுபோற? இங்கன கட்டு."

"எங்கன?"

"ஜன்னலப் பாத்து. எப்பவும் கட்டுற மாதிரி."

சங்கிலி கம்பத்தின் பாதியில் அப்படியே இருந்தான். சலீம் ஜன்னல் பக்கம் வந்தான்.

"அம்மா, ஊர்ல என்ன பேசுவாக..."

"பேசட்டும்."

"ஒங்களுக்குத்தான் ஆகாதேம்மா."

"எனக்கு ஆகாதுன்னு நான் ஒங்க அத்தாகிட்ட சொன்னேன். ஒங்கிட்டயா சொன்னேன்?"

எதிர் வீட்டில் யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். சங்கிலி மறுபடி ஏறினான். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கட்டி முடித்துக் கீழே பார்த்தான்.

"அத்தை, சத்தம் கொஞ்சமா வைக்கவா?"

"ஏன், கரண்டு இல்லயா?"

சங்கிலி இறங்கிப் போனான்.

பாட்டு வந்தது. ஜன்னல் கதவு அதிர்ந்தது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசின. ஷரீபா தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். சலீம் உள்ளே வந்து ஜன்னலைச் சாத்தக் கை நீட்டினான்.

"இருக்கட்டும்டா. உக்காரு."

உட்கார்ந்தான். மையத்து எடுத்த அன்று எல்லாக் காரியத்தையும் முன்னின்று செய்தவன். அன்றும் அதற்குப் பிறகும் அவன் அழுது அவள் பார்க்கவில்லை. பாட்டு முடியுமுன் அவன் தோள் குலுங்கியது. அந்தச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. ஷரீபா அவன் பக்கம் திரும்பாமல் முதுகில் கையை வைத்தாள்.

அடுத்த பாட்டு தொடங்கியது.