காணாமல் போன மூன்று பவுண்டு நிசப்தம்

டாக்டர் ஒட்டிலி பிரான்வோல்ட் எங்கள் ஊர்க் கடற்படை ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த நான்காம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்று பவுண்டு நிசப்தத்தை உண்டாக்கினாள். அந்த வாரம் எங்கள் படகுத்துறையான ஹாலோவே லேண்டிங்கில் நண்டு டஜன் நாற்பத்திரண்டு டாலர். ஆற்றில் தண்ணீர் சற்றுக் கலங்கல். நிசப்தம் ஒரு நடுத்தரப் பூசணிக்காய் அளவு இருந்தது. தொட்டால் பிசைந்து வைத்த மாவைப்போலக் குளிர்ந்து, கொஞ்சம் அமுங்கிக் கொடுத்தது. வைக்கப் பொருத்தமான பாத்திரம் ஆய்வுக்கூடத்தில் எதுவும் இல்லாததால், நண்டு அள்ளும் மரக்கூடை ஒன்றில் எடுத்து வைத்தாள்.

இப்படி வருகிற ஆராய்ச்சிக்காரர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண்டுதோறும் ஜூலை முதல் தேதி பதினொரு பேர் வருவார்கள். முனைவர் பட்டத்தில் மை காயாத பிள்ளைகள். அவர்களுக்குக் கடற்படை தருவது ஒரு வருட ஆய்வுநல்கை, வேலை பிடித்திருந்தால் இன்னொரு வருடம், அதற்குமேல் கிடையாது. அதனால் அவர்கள் பெட்டிகளை முழுதாகப் பிரிக்க மாட்டார்கள், ஜன்னலுக்குத் திரை வாங்க மாட்டார்கள். நாங்களும் ஈஸ்டர் வரை அவர்கள் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வதில்லை. பழகிய முகம் ஜூன் முப்பதாம் தேதி பாலத்தைக் கடந்து போவதைப் பார்க்க யாருக்கு மனம் வரும்?

ஒட்டிலி வடக்கு டகோட்டாவின் கோதுமைக் காட்டுப் பெண். அவள் காரில் துணிமணியைவிட அதிக இடம் பிடித்திருந்தது தொட்டியில் நின்ற ஒரு பேரிக்காய்ச் செடி. அப்பா வீட்டு மரத்தின் ஒட்டுக்கன்று. படிப்புக்கும் வேலைக்குமாக ஃபார்கோ, மேடிசன், டூசான், இத்தாக்கா என்று அவளோடு நாலு ஊர் சுற்றிவிட்டது. ஒவ்வொரு ஊரைவிட்டுக் கிளம்பும்போதும் தொட்டிக்கு அடங்கும்படி அதன் வேரை வெட்டிவிடுவாள். ஒன்பது வயதாகியும் அது அவள் இடுப்பைத் தாண்டவில்லை. ஒரு பூ பூத்ததில்லை. அவளுக்கு மாடியறையை வாடகைக்கு விட்ட ரோசெட்டா க்வேட் முதல் நாளே தொட்டியைச் சுற்றி வந்து பார்த்து, “ஏன் கண்ணு, இதுக்குச் செருப்பு சின்னதா இருக்கே, யாரும் கவனிக்கலையா?” என்று கேட்டாள். ஒட்டிலி சிரித்தாள். ஆனால் அன்றைக்கு முழுதும் அந்தக் கேள்வி அவளை விடவில்லை.

அவள் வேலை செய்தது நாற்புறமும் பஞ்சுக் கூம்புகள் பதித்த அறையில். கதவைச் சாத்தினால் அவரவர் ரத்தம் ஓடுவது அவரவர் காதில் கேட்கும். கடலுக்கடியில் போகும் கப்பலின் இரைச்சலை உறிஞ்சும் ரப்பர்ப் பூச்சு ஒன்று அரசாங்கத்துக்கு வேண்டியிருந்தது. அவள் ஜூலையிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பூச்சுகளைக் காய்ச்சி, சத்தங்களை அவற்றின்மேல் ஏவிக்கொண்டிருந்தாள். உறிஞ்சப்பட்ட சத்தங்களின் இடத்தில் மிஞ்சியதெல்லாம் கம்பிவலைத் தரைக்கு அடியில் பனித்தண்ணீர்போலச் சேர்ந்து வந்ததை அன்றைக்குத்தான் கவனித்தாள். அதிலிருந்து ஒரு முழ தூரத்துக்குள் பிறக்கிற எந்தச் சத்தமும் அதற்குள்ளேயே போய்விடும். ஆய்வுக்கூடத்தில் அவளுடைய மேற்பார்வையாளர் டாக்டர் ஃபென்விக் ஹேல் கூடைக்குள் தலையை விட்டுப் பன்னிரண்டு நிமிடம் அப்படியே நின்றார். வெளியே வந்து தள்ளி நின்று, “முப்பது வருஷமா என் காதுல ஒரு கொசு பாடிக்கிட்டிருந்துச்சும்மா. பீரங்கிச் சோதனைல பிடிச்சது. போயிடுச்சு” என்றார். அப்போது தாழ்வாரத்தில் யாரோ ஒரு கரண்டியைக் கீழே போட, அந்த ஓசையின் அழகு தாங்காமல் சத்தம் போட்டுச் சிரித்தார். நிசப்தத்தின் குணமே அதுதான். உள்ளே போய் வந்தவருக்கு அடுத்துக் கேட்கிற முதல் சத்தம், கதவு கிறீச்சிடுவதாகவே இருந்தாலும், தேனாக இருக்கும்.

மறுநாள் சொத்துக் காப்பாளர் லின்வுட் டைசன் வந்தார். கடற்படைக்குச் சொந்தமான எந்தப் பொருளானாலும் அதில் பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டிப் பதிவேட்டில் ஏற்றுவது அவர் வேலை. ஒரு நாற்காலி காணவில்லை என்பதற்காக ஓர் அட்மிரலையே மூன்று நாள் ஊரைவிட்டுப் போகவிடாமல் நிறுத்தி வைத்தவர். நிசப்தத்தை நாலு பக்கமும் விரலால் அழுத்திப் பார்த்து, கொஞ்சம் கெட்டியாக இருந்த பக்கத்தில் ஸ்டிக்கரை ஒட்டி, தள்ளி வந்து, “கையெழுத்துப் போடுங்க டாக்டரம்மா. இனிமே இதுக்கு நீங்கதான் பொறுப்பு” என்றார். ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமைதோறும் கடற்படையினர் சோதனைக்காக ஆற்றின்மேல் பீரங்கி சுடுவார்கள். ஊர் ஜன்னலெல்லாம் நடுங்கும். அந்த நாட்களில் கூடையை ஊருக்குள் எடுத்துப்போக லின்வுட் ஒரு படிவம் கண்டுபிடித்துக் கொடுத்தார். அப்படித்தான் ஒட்டிலி எங்கள் வீடுகளுக்குள் வந்தாள். ரோசெட்டாவின் கோழிகளுக்கு நடுவே கூடையை வைத்ததில் அவை இரண்டிரண்டு மஞ்சள்கரு உள்ள முட்டைகளை இட்டன. பல் முளைக்கிற குழந்தைகள் தூங்கின. பதினோரு வருடமாகப் பேசாத ஹேடன் சகோதரர்கள் முடிதிருத்தும் கடையில் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு ஒரே நேரத்தில் கூடைக்குள் தலையை விட்டார்கள். வெளியே வந்ததும் அண்ணனுக்குக் கேட்ட முதல் சத்தம் தம்பியின் தும்மல். அன்றிரவு இரண்டு குடும்பமும் ஒரே மேசையில் கீரை அடைத்த பன்றித்தொடை சாப்பிட்டன. ஈஸ்டர் இருக்கட்டும், கிறிஸ்துமஸுக்கு முன்பே ஒட்டிலியின் பெயர் எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவளும் ஜன்னலுக்கு ஒரு திரை வாங்கினாள். மஞ்சள் நிறம்.

ஏப்ரலில் வாஷிங்டனிலிருந்து நாலு பேர் கொண்ட குழு வந்தது, நல்கையை இன்னொரு வருடம் நீட்டலாமா என்று பார்க்க. கூடைக்குள் ஒலிவாங்கியை இறக்கினார்கள். அளவு பூஜ்யம் என்று வந்தது. இன்னொன்றை இறக்கினார்கள், அதுவும் பூஜ்யம். படிவத்தில் முடிவு எழுதும் கட்டத்தில் பூஜ்யத்துக்கு மேற்பட்ட எண்ணைத்தான் எழுத முடியும் என்பதால், கருவிகள் பழுது, ஆய்வில் பலனில்லை என்று குறித்துவிட்டுப் போனார்கள். தலையை விட்டுப் பாருங்கள் என்று ஹேல் கெஞ்சியதற்கு, படிவத்தில் தலைக்கு இடமில்லை என்று பதில் வந்தது. மே மாதம் கடிதம் வந்தது: ஜூன் முப்பதோடு கிளம்ப வேண்டும்.

ஜூன் இருபத்தொன்பதாம் தேதி காலை ஒட்டிலி பேரிக்காய்ச் செடியைத் தொட்டியிலிருந்து உருவிப் பார்த்தாள். வேர்கள் தங்களையே சுற்றிச் சுற்றி முடிச்சு விழுந்து கிடந்தன. ரோசெட்டா பின்னால் வந்து நின்றாள்.

“இன்னொரு தரம் வெட்டினா இது செத்துடும் கண்ணு.”

“தெரியும்.”

“எந்த ஊருக்குப் போறே?”

“இன்னும் தெரியல ரோசெட்டா. எங்கே எடுக்கறாங்களோ அங்கே.” ரோசெட்டா வேர் வெட்டும் கத்தியை எடுத்து ஏப்ரனுக்குள் சொருகிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை ஒட்டிலி விடுவிப்புத் தாளைத் தூக்கிக்கொண்டு கட்டடம் கட்டடமாகப் போனாள். ஆய்வுக்கூடத்தை விட்டுப் போகிறவர் பதினேழு கையெழுத்து வாங்க வேண்டும்: நூலகம், சாவி, தீயணைப்பு என்று வரிசையாக. பதினாறு வாங்கியாயிற்று. பதினேழாவது லின்வுட் டைசன். அவர் ஸ்கேனரோடு வந்து, கூடைமேல் குனிந்து, ஸ்டிக்கர்மேல் சிவப்பு வெளிச்சத்தைக் காட்டினார். சத்தம் வரவில்லை. மறுபடி காட்டினார். போய் வேறு ஸ்கேனர் எடுத்து வந்து காட்டினார். பிறகு கூடையைத் தூக்கி நீட்டிய கையில் தள்ளிப் பிடித்தபடி, பதிவேட்டைத் திறந்து நிதானமாக எழுதினார்: காணவில்லை.

“டைசன் சார், கூடை உங்க கையிலதானே இருக்கு?”

“கையில இருக்கு டாக்டரம்மா. ஆனா காணோம்.”

“கண்ணால பாக்கறீங்களே!”

“என் கண்ணுக்கு அரசாங்கத்துல மதிப்பில்ல. ஸ்கேனர் ‘பீப்’னு சொன்னா பொருள் இருக்கு, சொல்லலைன்னா இல்ல. இருபது வருஷமா இதான் சட்டம்.”

ஹேல் உதவிக்கு வந்தார். “அந்த ஸ்டிக்கரைப் பிச்சு எதிர்ச் சுவத்துல ஒட்டேன் லின்வுட்.”

“பிச்சா அரசாங்கச் சொத்துக்குச் சேதம். சேதம்னா பதினாலு பக்கம் எழுதணும். நீங்க எழுதறீங்களா டாக்டர்?”

“வேண்டாம்ப்பா. காணோம்னே போடு.”

காணாமல் போன பொருளுக்குக் கையெழுத்திட்டவரை, அது கிடைக்கும்வரை விடுவிக்க முடியாது. லின்வுட் அவள் அடையாள அட்டையை முப்பது நாள் நீட்டித்தார். அட்டை உயிரோடிருந்தால் நல்கையும் உயிரோடிருக்கும். ஏனென்றால் அட்டை கொடுக்கிற அலுவலகமும் நல்கை கொடுக்கிற அலுவலகமும் பார்ப்பது ஒரே கணினித் திரையை. லின்வுட் இதை வேண்டுமென்றே செய்தாரா என்று எங்கள் ஊரில் இன்றும் பேச்சு உண்டு. எனக்குத் தெரிந்து அந்த மனிதர் ஒரு விதியை ஒருநாளும் வளைத்ததில்லை. ஆனால் அன்றைக்குப் போகும்போது அவர் சீட்டியடித்துக்கொண்டு போனதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஒட்டிலி கையெழுத்தில்லாத தாளை ஆட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். “முப்பது நாள்தான் ரோசெட்டா! வெறும் முப்பது நாள்!”

“முப்பது நாள் தொட்டியில நின்னா என்ன, மண்ணுல நின்னா என்ன?” என்றாள் ரோசெட்டா. “வா, குழியை நேத்தே தோண்டிட்டேன்.”

அதன்பின் முப்பது நாளுக்கு ஒருமுறை லின்வுட் வருவார், வெளிச்சம் காட்டுவார், காணவில்லை என்று எழுதுவார், காப்பி குடித்துவிட்டுப் போவார். இப்படிப் பத்தொன்பது வருடம் போயிற்று. மூன்று இயக்குநர்கள் மாறினார்கள். காணாமல் போன நிசப்தத்தை விசாரிக்க இரண்டு குழுக்கள் வந்து, கூடையை மேசையில் வைத்துக்கொண்டே விசாரித்தன. நடுவில் ஓய்வெடுக்க அதற்குள் தலையை விட்டுக்கொண்டன. ஒட்டிலி காய்ச்சிய பூச்சு கப்பல்களில் ஏறியது. இரண்டாம் கோடையிலேயே மரம் கூரையைத் தொட்டது. நாலாம் வருடம் காய்த்தது. பழத்தைக் கடித்தால் கடிக்கிற ஓசை மட்டும் கேட்பதில்லை. மற்றபடி நல்ல பேரிக்காய். ஒட்டிலி ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் டூபா என்னும் பெரிய ஊதுகுழலை வாசிக்கக் கற்றுக்கொண்டாள். சரியாக வரவில்லை. அவள் பின்னால் யாராவது கூடையைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள்.

லின்வுட் ஓய்வுபெற்ற அன்று பெர்னிஸ் ஸ்வான் என்ற புதுக் காப்பாளர் வந்தார். கண்டிப்பில் லின்வுட்டுக்கு ஒரு படி மேல் என்று சொன்னார்கள். ஊரில் பாதிப்பேர் வேலையைப் போட்டுவிட்டு ஆய்வுக்கூட வாசலில் நின்றோம். பெர்னிஸ் புத்தம்புது ஸ்கேனரைக் கூடைக்குள் நீட்டினார். சிவப்பு வெளிச்சம் எரிந்தது. காத்திருந்தார். பிறகு ஒட்டிலியை ஏற இறங்கப் பார்த்தார். “இதைக் காணோமே டாக்டர்.”

“ஆமாம்மா. ரொம்ப நாளாவே காணோம்.”

“சரி, கிடைக்கிறவரைக்கும் நீங்க எங்கேயும் போக முடியாது” என்று சொல்லி, பெர்னிஸ் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். லின்வுட் அவருக்கு ஒரு பேரிக்காயை நீட்டினார். அவர் அதைச் சத்தமில்லாமல் கடித்தார். அந்த ஆண்டு ஹாலோவே லேண்டிங்கில் பேரிக்காய் கூடை பதினெட்டு டாலர். காணாமல் போன நிசப்தம் வழக்கமான அலமாரியில், ஜன்னலோரம் இருந்தது.